இரட்டைத் தாளின் முதல் வரி

ஃபிரிட்ஜைத் திறந்து தலையை உள்ளே விட்டிருக்கும்போது சம்பந்தியம்மாவிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கதவு திறந்தே கிடப்பதால் அது பீப் பீப் என்று கத்தும், கத்தட்டும். வலது கையில் பென்சில், இடது கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நோட்டு. மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரைக்கும் டப்பா டப்பாவாகப் பார்வை இறங்கும். எதையும் தொட மாட்டார். "பதினாலு டப்பா. பேர் எழுதினது ஒம்பது. ரப்பர் பேண்டு போட்டது ரெண்டு. பாதி எலுமிச்சம்பழம் ஒண்ணு, காஞ்சு போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதிக்கொள்வார். இத்தனையும் நடப்பது அவருடைய வீட்டுச் சமையலறையில் அல்ல. முந்தின வாரம்தான் அவருடைய கம்பெனி விலைக்கு வாங்கிய இன்னொரு கம்பெனியின் பேன்ட்ரியில்.

அதே நேரம் மாடியில், கான்ஃபரன்ஸ் ஹாலில், அந்தக் கம்பெனியின் அதிகாரிகள் கோட்டும் பூச்செண்டுமாக இவருக்காகக் காத்திருப்பார்கள். அவர்களுடைய முறை ஃபிரிட்ஜுக்கு அப்புறம்தான்.

சம்பந்தியம்மா வேலை பார்ப்பது அட்டைப்பெட்டி செய்யும் ஒரு பெரிய கம்பெனியின் மனிதவளப் பிரிவில். அந்தக் கம்பெனிக்குப் பதினோரு வருடமாக ஒரு பழக்கம்: சின்னச் சின்னக் கம்பெனிகளை வாங்கிப் போட்டுக்கொள்வது. லேபிள் அச்சடிக்கிற கம்பெனி, பசை காய்ச்சுகிற கம்பெனி, பெட்டிக்குள் வைக்கும் தெர்மோகோல் செய்கிற கம்பெனி. வாங்குவது முதலாளியும் வக்கீலும். வாங்கிய பிறகு இரண்டு பக்கத்து ஆட்களையும் முறைத்துக்கொள்ளாமல் ஒரே கூரைக்குக் கீழே உட்கார வைப்பது இந்த அம்மா. விசிட்டிங் கார்டில் இரண்டு வரிக்கு நீளும் ஒரு பதவிப் பெயர் உண்டு. அதை ஒரே மூச்சில் சொன்னவர் இதுவரை யாரும் இல்லை. இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நின்று சிரித்துச் சிரித்துக் கன்னம் வலிக்கிறவர் என்பதால், எப்போதோ யாரோ விளையாட்டாகச் 'சம்பந்தி' என்று கூப்பிடப்போய் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. முதலாளி வாயிலும் அதே பெயர்தான். சம்பளப் பட்டியல் போடுகிற பையனைத் தவிர அவருடைய அசல் பெயர் தெரிந்தவர்கள் ஆபீசில் குறைவு.

ஃபிரிட்ஜ் விஷயத்தில் அவர் சும்மா கதை அளக்கவில்லை. அது அவருடைய சாஸ்திரம். "ஃபைல்ல யார் வேணாலும் பொய் சொல்லலாம். ஃபிரிட்ஜ்ல முடியாது" என்பார். டப்பாவில் ரப்பர் பேண்டு இரண்டு சுற்று சுற்றியிருந்தால் பக்கத்து டிபார்ட்மெண்டோடு பேச்சுவார்த்தை இல்லை. பால் பாட்டிலில் பேனாவால் அளவுக்கோடு போட்டிருந்தால் அங்கே மேனேஜர் சரியில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது பெயர். "டப்பால பேர் எழுதி ஒட்டினவங்க எங்கயும் போக மாட்டாங்க. நாளைக்கும் இங்கதான் சாப்பிடப் போறோம்னு முடிவு பண்ணவங்க அவங்க. பேரில்லாத டப்பா இருக்கு பாருங்க, அந்த மனசு வெளிய வேலை தேடிக்கிட்டிருக்கு."

பசைக் கம்பெனியில் பெயரில்லாத டப்பா நான்கு இருந்தது. இரண்டே மாதத்தில் மூன்று பேர் ராஜினாமா. நான்காவது ஆள் யார் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். கடைசியில் பார்த்தால், அது மூன்று வருடத்துக்கு முன்பே வேலையை விட்டுப் போனவருடைய டப்பா. திறக்கிற தைரியம் யாருக்கும் வரவில்லை. "அப்பவும் என் கணக்கு தப்பலையே" என்றார் சம்பந்தியம்மா.

ஃபிரிட்ஜ் முடிந்ததும் மாடிக்குப் போய்க் கூட்டத்தின் முன் நிற்பார். அவருடைய பேச்சு மொத்தமே மூன்று வாக்கியம். "முதல்ல, யாரும் பயப்படாதீங்க. ரெண்டாவது, எதுவும் உடனே மாறாது. மூணாவது, டீ ஆறிடும், குடிங்க." கூட்டம் மூன்றாவதை மட்டும் நம்பும்.

பிறகுதான் இரட்டைத் தாள் வெளியே வரும். இரண்டு கம்பெனி ஒன்றாகும்போது ஒரே வேலைக்கு இரண்டு பேர் மிஞ்சுவார்கள்: இரண்டு ஸ்டோர்கீப்பர், இரண்டு டெஸ்பாட்ச் கிளார்க், இரண்டு தலைமைக் கணக்கர். அப்படிப்பட்ட ஜோடிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, எதிரே மூன்று கட்டம் போடுவார்: இருப்பவர், இடம் மாறுபவர், விடைபெறுபவர். எல்லாம் பென்சிலில்தான். நோட்டின் முதுகில் ஒரு நூல், நூலின் நுனியில் ஒரு ரப்பர். பேனாவைத் தொடவே மாட்டார். "மனுஷங்க விஷயம். மையில எழுதினா நமக்கே திமிர் வந்துடும்" என்பது அவருடைய விளக்கம்.

யாரையும் மூன்றாவது கட்டத்தில் போடுவதற்கு முன்னால், அவருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு முழு நாள் உட்கார்ந்துவிடுவார். இது அவராகவே வைத்துக்கொண்ட விதி. "தாள்ல பாத்தா எல்லாரும் ரெட்டைதான். பக்கத்துல உக்காந்தா ஒருத்தரும் ரெட்டை இல்ல." தெர்மோகோல் கம்பெனி வந்து சேர்ந்தபோது இரண்டு டெஸ்பாட்ச் கிளார்க்குகள், தாளில் அச்சு அசல் ஒரே மாதிரி. உட்கார்ந்து பார்த்தால், ஒருவருக்கு ஒவ்வொரு லாரி டிரைவரின் பிள்ளைகளும் எத்தனாவது படிக்கிறார்கள் என்று தெரியும். அவர் கூப்பிட்டால்தான் லாரி நேரத்துக்கு வரும். மற்றவர் மூடின பெட்டியைத் தூக்கிப் பார்த்தே உள்ளே ஒன்று குறைகிறது என்பார். இருவரும் முதல் கட்டத்தில் தங்கினார்கள்.

எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. மூன்றாவது கட்டத்துக்குப் போனவர்களும் உண்டு. அவர்களிடம் கடிதம் போவதற்கு முன் இவரே போய் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று மட்டும் அவருக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளத் தைரியம் இருந்ததில்லை.

இந்த வேலைப் புத்தி வீட்டுக்கும் வருகிறது. கணவர் தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஈ ஓட்டுகிற நாள் வாரத்தில் நான்கு. வீட்டில் எது இரண்டாக இருந்தாலும் அம்மாவின் கண்ணில் பட்டுவிடும் என்பதால், இரண்டாவது நகவெட்டியை அவர் கடைக் கல்லாவில் ஒளித்து வைத்திருக்கிறார். இரண்டாவது குடை பீரோவுக்குப் பின்னால். "நல்லவேளை, புருஷன் ஒருத்தன்தான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். கல்லூரியில் படிக்கும் மகளோ திட்டு வாங்கும்போதெல்லாம், "இப்ப என்னை எந்தக் கட்டத்துல போட்டிருக்கம்மா?" என்பாள். அவள் படிப்புக்கு இன்னும் இரண்டு வருடம் பாக்கி. அந்தப் படிப்பை நடத்துவது கண்ணாடிக் கடை அல்ல என்பது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். சம்பந்தியம்மா நோட்டும் பென்சிலுமாக உள்ளே போய் நின்றார்.

"இந்தத் தடவை எந்தக் கம்பெனி சார்?"

"நம்ம கம்பெனிதான்."

கண்ணாடி பாட்டில் செய்கிற ஒரு கம்பெனி, இவர்களைப்போல இரண்டு மடங்கு பெரியது, இவர்களை வாங்கிவிட்டது. முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "யாரும் பயப்பட வேண்டாம். எதுவும் உடனே மாறாது" என்றார். தன்னுடைய வாக்கியங்கள் கேட்கிறவர் காதில் எப்படி விழும் என்பது அம்மாவுக்கு அன்றுதான் தெரிந்தது. டீயும் வரவில்லை.

பழக்கம் விடுமா? மறுநாள் காலை எட்டு மணிக்குப் பாட்டில் கம்பெனியின் பேன்ட்ரிக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தார். திறந்தவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருபத்தாறு டப்பா, இருபத்தாறிலும் பெயர். ஒரே கையெழுத்து, தேதி வேறு. ரப்பர் பேண்டு ஒன்றுகூட இல்லை. காய்ந்த எலுமிச்சம்பழம் இல்லை. இவ்வளவு சந்தோஷமான கம்பெனியை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்த அண்ணனிடம் கேட்டார். "இதெல்லாம் யாருங்க எழுதினது?"

"எங்க எச்.ஆர். சார்தாங்க. நேத்து சாயங்காலம் உக்காந்து ஒவ்வொண்ணா ஒட்டினாரு."

"எதுக்கு?"

"பெட்டிக் கம்பெனிலேருந்து ஒரு அம்மா வருவாங்க, வந்ததும் ஃபிரிட்ஜைத்தான் திறப்பாங்கன்னு விசாரிச்சு வெச்சிருக்காரு." டீ அண்ணன் இவரை மேலும் கீழும் பார்த்தார். "அது நீங்கதானாம்மா?"

அசடு வழிய, "அவர் இப்ப எங்க?" என்றார் சம்பந்தியம்மா.

"உங்க ஃபிரிட்ஜைப் பாக்கப் போயிருக்காருங்க."

ஆட்டோ பிடித்துத் தன் ஆபீசுக்கு ஓடி வந்தால், பேன்ட்ரியில் பீப் பீப் சத்தம். ஃபிரிட்ஜுக்கு வெளியே ஒரு நெட்டை மனிதரின் பின்பாதி தெரிந்தது. வலது கையில் பென்சில், இடது கையில் நோட்டு. பாட்டில் கம்பெனிக்கும் மற்ற கம்பெனிகளை விழுங்குகிற பழக்கம் உண்டு. அங்கே ஒன்பது வருடமாக ஆட்களைச் சேர்த்து உட்கார வைக்கிறவர் இவர். அன்று மத்தியானத்துக்குள் ஆபீஸ் அவருக்கு 'எதிர்ச்சம்பந்தி' என்று பெயர் வைத்துவிட்டது.

தலையை வெளியே எடுத்தவர் வணக்கம் சொன்னார். "ஃபிரிட்ஜ் நல்லாத்தான் மேடம் இருக்கு. ஒருத்தர் மட்டும் போகப் போறாங்க."

"யாரு?"

"மூணாவது தட்டு. நீல டப்பா. பேரே இல்ல."

அந்த நீல டப்பா சம்பந்தியம்மாவுடையது. பதினோரு வருடம் ஊரார் டப்பாவையெல்லாம் எண்ணியவர், தன் டப்பாவில் பெயர் எழுத மறந்திருந்தார். "யாருதுன்னு விசாரிக்கிறேன் சார்" என்று மட்டும் சொல்லிவைத்தார்.

இரண்டு பேருமாக உட்கார்ந்து இரட்டைத் தாள் தயாரித்தார்கள். மொத்தம் பதினெட்டு ஜோடி. மனிதவளப் பிரிவை முதலில் எழுதுவது வழக்கம் என்பதால், முதல் வரியில் அவர்கள் பெயர்தான் வந்தது: இவர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். இரண்டு பேரும் அந்த வரியைப் பார்த்தார்கள். பிறகு எதிர்ச்சம்பந்தி, "ரெண்டாவது வரிலேருந்து ஆரம்பிக்கலாமா மேடம்?" என்றார். "அதுதான் சார் சரியா இருக்கும்" என்றார் இவர். இரண்டு பேருக்கும் அவ்வளவு நிம்மதி.

மூன்று வாரத்தில் பதினேழு வரிகள் முடிந்தன. எதிர்ச்சம்பந்திக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற பழக்கம் உண்டு. அது வீட்டில் கற்றது. "எனக்கு ரெட்டைப் பசங்க மேடம். பாக்கிறவங்களுக்கு ஒண்ணு மாதிரி இருக்கும். பக்கத்துல உக்காந்தா, ஒருத்தன் என்னைக் கேள்வி கேட்டுக் கொல்றான், இன்னொருத்தன் பதில் சொல்லிக் கொல்றான்." அந்த இரட்டைப் பிள்ளைகளுக்கு எட்டு வயது. அதைக் கேட்ட பிறகு அம்மாவுக்கு முதல் வரியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அந்த மனிதர் கெட்டவராக இருந்து தொலைத்திருந்தால் எவ்வளவு சௌகரியம் என்று அவருக்குத் தோன்றியது.

புது முதலாளியிடம் போய் முதல் வரியை மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள் என்று கேட்டார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரே வேலைக்கு ரெண்டு பேர் இருந்தா ஒருத்தரை எடுக்கிறது உங்க வேலைதானே? நீங்களே எடுங்க. ஒருத்தர் போதும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாள் என் மேஜைக்கு வரணும்." தன் கழுத்துக்குத் தானே அளவெடுக்கச் சொன்னது போலிருந்தது.

விதி என்றால் விதி. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இரண்டு நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் கவனிக்க உட்கார்ந்தார்கள். ஒருவர் செய்வதை மற்றவர் எழுத வேண்டும். இரண்டு பேரும் எழுதிக்கொண்டிருந்ததால் எழுதுவதற்கு வேறொன்றும் நடக்கவில்லை. அம்மாவின் நோட்டில் அன்றைய முதல் பக்கம் இப்படி இருக்கிறது: '9.05 எழுதுகிறார். 9.06 நான் எழுதுவதை எட்டிப் பார்க்கிறார். 9.07 நான் கையால் மறைத்ததை எழுதுகிறார். 9.10 இருமினார். 9.11 இருமியதை நான் எழுதினேனா என்று பார்க்கிறார்.'

டீ கொண்டுவந்த அக்கா சற்று நேரம் நின்று பார்த்தார். "ரெண்டு பேரும் ஏதாவது பரீட்சை எழுதறீங்களா?"

"ஆமாக்கா" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

பத்து மணிக்கு உடன்படிக்கை ஆயிற்று. மத்தியானம் வரைக்கும் அம்மா வேலை பார்ப்பது, அவர் எழுதுவது. அதற்கு மேல் அவர் வேலை, அம்மா எழுதுவது.

காலையில் வந்தவர் ஒரு மெஷின் ஃபோர்மேன். இடம் மாறுபவர் கட்டத்தில் விழுந்தவர். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "இருபது வருஷம் கழிச்சு என்னைப் பாட்டில் ஊதச் சொல்றீங்களா?" என்று மேஜையில் அடித்தார். சம்பந்தியம்மா குரலை உயர்த்தவில்லை. அவருடைய மெஷினைப் பற்றிக் கேட்டார், அது எந்த மாதத்தில் மக்கர் செய்யும் என்று கேட்டார், புது இடத்து மெஷினுக்கும் அதே வியாதி இருப்பதைச் சொன்னார். "அங்க அதோட பாஷை யாருக்கும் தெரியல. தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான்." அரை மணி நேரத்தில் ஃபோர்மேன், அங்கே போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால் எதிர்ச்சம்பந்தி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இது வராது மேடம். நான் சொல்லப் போனா நானே அழுதுடுவேன். வேலை போனவங்க எழுந்து எனக்குத் தண்ணி குடுப்பாங்க."

மத்தியானம் அவருடைய முறை. பையிலிருந்து ஒரு தடித்த டைரியை எடுத்தார். ஒன்பது வருடத்தில் தன் கையால் விடைபெற்ற எல்லாருடைய போன் நம்பரும் அதில் இருந்தது. வியாழக்கிழமை தோறும் இரண்டு மணிக்கு உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவாராம். "என்னண்ணே, அந்த இன்டர்வியூ என்னாச்சு? ... மூட்டு வலி பரவாயில்லையா? ... நம்பர் தரேன், என் பேரைச் சொல்லுங்க." ஒருவர் மட்டும் போனை எடுத்ததும் திட்டத் தொடங்கினார், பக்கத்து நாற்காலி வரைக்கும் கேட்டது. எதிர்ச்சம்பந்தி பொறுமையாக ஊம் கொட்டிவிட்டு, "சரிண்ணே, அடுத்த வாரம் கூப்பிடறேன்" என்று வைத்தார்.

"எத்தனை வாரமா திட்டறாரு?"

"ரெண்டு வருஷமா மேடம். போன வாரத்துக்கு இந்த வாரம் குறைஞ்சிருக்கு."

சம்பந்தியம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். "நான் இதுவரைக்கும் ஒருத்தருக்கும் போன் பண்ணதில்ல சார்."

"ஏன் மேடம்?"

"எடுத்துட்டாங்கன்னா என்ன பேசறது?"

அதைச் சொல்லிவிட்டு நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். எதிர்ச்சம்பந்திக்கு அழ ஒரு சாக்குப் போதும். இப்போது அம்மா எழுந்து அவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தாளை எடுத்துக்கொண்டு இருவரும் போனார்கள். புது முதலாளி முதல் வரியைப் பார்த்தார். இரண்டு பெயரும் முதல் கட்டத்தில் இருந்தன, பென்சிலில்.

"இது ரெட்டைதானே?"

"தாள்ல பாத்தா ரெட்டைதான் சார்" என்றார் சம்பந்தியம்மா. "ஒருத்தர் போறதுக்கு முன்னாடி நிக்கிறவ நான். போனதுக்குப் பின்னாடி நிக்கிறவரு இவரு. நான் சொல்றதை இவரால சொல்ல முடியாது. இவரு கேக்கிறதை என்னால கேக்க முடியாது. ஒரு நாள் பக்கத்துல வந்து உக்காந்து பாருங்க."

"நானா?"

"எல்லாருக்கும் அதே விதிதான் சார்."

எதிர்ச்சம்பந்தி கைக்குட்டையை எடுக்கத் தொடங்கியதைப் பார்த்த புது முதலாளி, அவசரமாக டைரியைப் புரட்டினார். "சரி. திங்கட்கிழமை ஒம்பது மணிக்கு வரேன். எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வைங்க. பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

"நோட்டும் பென்சிலும் நாங்களே தரோம் சார்" என்றார் எதிர்ச்சம்பந்தி.

வெளியே வந்து படியில் இறங்கும்போது, "என்ன சொல்லுவாருன்னு நினைக்கிறீங்க சம்பந்தி?" என்று அவர் கேட்டார். "திங்கட்கிழமை தெரியும் சம்பந்தி" என்றார் இவர். மேடமும் சாரும் எந்தப் படியில் கழன்று விழுந்தன என்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

ஐந்தரை மணிக்கு ஆபீஸ் காலியானது. சம்பந்தியம்மா பேன்ட்ரிக்குப் போய் நீல டப்பாவைத் தேய்த்துக் கழுவி, புடவைத் தலைப்பால் துடைத்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து மூடியில் எழுதிப் பார்த்தார். பிளாஸ்டிக்கில் பென்சில் பிடிக்கவில்லை. கதவைப் பூட்டுவதற்காக டீ அக்கா சாவியோடு காத்திருந்தார்.

"அக்கா, பெட்டி மேல எழுதறதுக்கு ஒரு மார்க்கர் வெச்சிருப்பீங்களே, அந்தத் தடிப் பேனா. அதைக் குடுங்க."

"அது போட்டா அழியாதும்மா."

"தெரியும்."

மூடியை மேஜையில் வைத்து, தலைப்பெழுத்தோடு தன் முழுப் பெயரையும் மூடி நிறைய எழுதினார். வாயால் ஊதி ஊதிக் காயவைத்தார். பிறகு ஃபிரிட்ஜைத் திறந்து, அந்தக் காலி டப்பாவை நடுத் தட்டில் எல்லாவற்றுக்கும் முன்னால், பெயர் வெளியே தெரியும்படி சாய்த்து வைத்தார்.